பதிவு ஒருநாள், தொழில் நாற்பது ஆண்டு

மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் நடத்தை விதி. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு படித்து, ஓராண்டு பயிற்சி மருத்துவராக இருந்து, மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவர் இவர் என்பதற்கு அந்த எண் சாட்சி. அதன்பின் அவர் என்ன கற்றார் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. நம் உரிம முறை வாசலில் கெடுபிடி காட்டிவிட்டு, உள்ளே போனவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாசல் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பதிவேடு இல்லாவிட்டால் படித்தவர் யார், போலி யார் என்று நோயாளிக்குத் தெரியாது. பதிவின்றி வைத்தியம் பார்ப்பவருக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோருக்குத் தகுதித் தேர்வு உண்டு. 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதிலும் 2024 ஜூனில் தேறியவர்கள் சுமார் 21 சதவீதம்தான். பாதி மதிப்பெண்கூட எடுக்காதவரிடம் நோயாளியை ஒப்படைக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே வினாத்தாளை உள்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்கள் எழுத வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே தேர்வு என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ‘நெக்ஸ்ட்’, மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் நடக்கவில்லை. கெடுவை நீட்டியும் நடக்கவில்லை. மாணவர்களுக்குக் கூடுதல் சுமை, மாநில உரிமையில் தலையீடு என்று 2023 ஜூனில் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத் தேர்வில் தேறியவரை மீண்டும் சோதிப்பது அந்தப் பல்கலைக்கழகத்தையே நம்பாததுதான் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லாக் கல்லூரியிலும் ஒரே தரத்தில் பயிற்சி கிடைக்கிறது என்றும் யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

என் குறை வேறு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நினைவாற்றலுக்கான சோதனை. பிரிட்டனில் வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியில் நோயாளியாக நடிப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார். எட்டு நிமிடத்துக்குள் விவரம் கேட்டு, தேவையானால் உடலைச் சோதித்து, அவருக்குப் புரியும்படி விளக்க வேண்டும். இப்படிப் பதினாறு சூழல்கள். இங்கோ கை பழக வேண்டிய ஹவுஸ் சர்ஜன் ஆண்டே முதுநிலை நீட்டுக்கான கோச்சிங் ஆண்டாகிவிட்டது. வார்டில் ரத்தம் எடுத்துவிட்டு வந்த கையோடு போனில் எம்.சி.க்யூ. போட்டுப் பார்ப்பதுதான் நடைமுறை. ‘நெக்ஸ்ட்’டும் எழுத்துத் தேர்வுக்கே எடை கொடுத்தால் இந்த நோய் முற்றத்தான் செய்யும்.

பட்டம் மட்டும் போதாது என்பதற்கு ஆதாரமும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பி நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. கேட்க வேண்டியதைக் கேட்பதிலும் சோதிக்க வேண்டியதைச் சோதிப்பதிலும் பட்டதாரிகளுக்கும் பட்டமில்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் போலிகளை விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. தெரிந்ததைச் செய்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும் என்றே ஆகிறது.

அதைப் பார்க்கத்தான் நம்மிடம் ஏற்பாடு இல்லை. காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்றிருந்த அரசுத் திட்டம் 2017இல் தினசரி மாத்திரைக்கு மாறியது. 1990இல் பதிந்த மருத்துவருக்கு அது தெரியுமா என்று எந்தக் கவுன்சிலும் கேட்பதில்லை. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி என்பது 2002 முதல் விதியில் இருக்கிறது. ஆனால் ஹோட்டல் அரங்கில் கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டாலும் மணிக்கணக்கு ஏறிவிடும். 2023 ஆகஸ்டில் உரிமப் புதுப்பிப்பை உள்ளடக்கிய புதிய விதிகள் வந்தன. அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன.

பிரிட்டனில் 2012 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுசரிபார்ப்பு நடக்கிறது; சக ஊழியர்களும் நோயாளிகளும் சொல்லும் கருத்தும் அதில் சேரும். காகித வேலை கூடிவிட்டதென்று மருத்துவர்கள் அங்கே சலித்துக்கொள்கிறார்கள். ஒரே டாக்டர் நூறு பேரைப் பார்க்கும் நம் கிளினிக்குகளுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சில நோயாளிகளின் பதிவேட்டை வேறொரு மருத்துவர் புரட்டிப் பார்ப்பது ஆகாத காரியமல்ல.

உரிமத் தேர்வா, உரிமப் புதுப்பிப்பா, ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும் என்றால் புதுப்பிப்பையே எடுக்க வேண்டும். புதுத் தேர்வு இனி வருகிறவர்களை மட்டும்தான் சோதிக்கும். இன்று நோயாளி போய் நிற்பது ஏற்கெனவே பதிந்தவரிடம்.