விண்வெளிக்கு ஆதரவு திரட்டும் சங்கம்: ஒரு மதிப்பீடு

சூரிய ஒளிக்கு அழுத்தம் உண்டென்பதை இயற்பியல் மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆனால் அது மிகச் சிறியது. 32 சதுர மீட்டர் பரப்புள்ள பளபளப்பான பாயின்மீது பூமிக்கருகே அது செலுத்தும் விசை, ஓரிரு அரிசி மணிகளின் எடைதான். இவ்விசையைக் கொண்டே 2019-இல் லைட்செயில்-2 என்ற 5 கிலோகிராம் செயற்கைக்கோள், தன் பாதையின் உச்சியைச் சுமார் 2 கிலோமீட்டர் உயர்த்திக் காட்டிற்று.

இதை உருவாக்கியது அரசு அன்று. 1980-இல் கார்ல் சாகன், புரூஸ் மர்ரே, லூயி ஃபிரீட்மன் மூவரும் அமெரிக்காவில் தொடங்கிய பிளானட்டரி சொசைட்டி, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிச் செய்த வேலை இது. செலவு ஏறத்தாழ 70 லட்சம் டாலர். (விண்ணில் ஏவியது அமெரிக்க விமானப்படைத் திட்டமொன்றில், அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2005-இல் ராக்கெட் பழுதால் அவர்களது காஸ்மாஸ்-1 அழிந்தது. அப்போதும் சோராமல் மீண்டும் பணம் திரட்டினர். பாராட்டத்தக்க பிடிவாதம்!

எனினும் ஒரு குறை. இச்சங்கத்தின் முக்கிய வேலைகளுள் ஒன்று, விண்வெளி ஆய்வுக்கு நிதியைக் குறைக்காதீர் என்று உறுப்பினர்களைக் கொண்டு சட்டமன்றத்தாருக்குக் கடிதம் எழுதச் செய்வது. ஏற்கெனவே விண்வெளியை நேசிப்பவர்களுக்கு இது போதும். ஐயம் கொண்டு கேள்வி கேட்கும் குடிமகனுக்கு இதில் இடம் எங்கே?

தேனி மாவட்டத்தில் இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரினோக்களை ஆராய, பொட்டிப்புரம் மலைக்குள் ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். எதிர்ப்பு வலுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்திட்டம் வேண்டாமென 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோ உடலுக்குக் கேடு என்ற அச்சம் தவறு. வினாடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம்மை ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மலையைக் குடைந்தால் ஊற்று என்னாகும், கிணறு என்னாகும் என்று கேட்பது அறியாமையா? முல்லைப் பெரியாற்று நீரை நாள்கணக்கில் எண்ணிப் பாசனம் செய்யும் பள்ளத்தாக்கு இது.

என் வகுப்பில் அப்பகுதி மாணவர் ஒருவர் இவ்விரண்டையும் கேட்டார். நியூட்ரினோவைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டேன். கிணற்றைப் பற்றி எவரிடம் கேட்டுச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.