எதிர்ப்பும் தாக்குப்பிடித்தலும்

'எதிர்ப்பு இலக்கியம்' என்ற பிரயோகம் நம்மிடையே மலிந்துவிட்டது. கவிதையில் குரல் உயர்ந்திருந்தால் எதிர்ப்பு, தாழ்ந்திருந்தால் சரணாகதி. இந்தக் கணக்கு எனக்கு ஒப்புதலாக இல்லை. 'ரெசிஸ்டன்ஸ்' என்பதை 'எதிர்ப்பு' என்று பெயர்த்துக்கொண்டபோது அச்சொல்லில் பாதி கைநழுவிவிட்டது.

அதன் லத்தீன் மூலத்தில் இருப்பது நிற்றல். பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி தம் மக்களின் இலக்கியம் பற்றி 1966இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் வரும் 'முகாவமா' என்ற அரபுச் சொல்லின் வேரும் எழுந்து நிற்பதுதான். ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'வித்ஸ்டாண்ட்'. பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்றால் 'எதிராக'. 'உடன்' என்ற அர்த்தம் பின்னர் மேலோங்கியது. நமக்கு இது விநோதமில்லை. 'அவனோடு போனான்', 'அவனோடு மோதினான்': தோழமைக்கும் பகைக்கும் ஒரே 'ஓடு'.

பிரயோகத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஒரு நகரம் முற்றுகையை 'ரெசிஸ்ட்' செய்தது, பிறகு வீழ்ந்தது என்று எழுதலாம். 'வித்ஸ்டாண்ட்' செய்தது என்றால் முற்றுகைக்குப் பின்னும் நகரம் இருக்கிறது. முன்னது முயற்சியைச் சொல்கிறது, பின்னது விளைவை. அணை வெள்ளத்தைத் தாங்கியது என்கிறோமே, அந்தத் 'தாங்கு' இதற்கு அருகில் வரும். பேச்சில் 'தாக்குப்பிடித்தல்'. 'எதிர்ப்பு' வராது.

இந்த வித்தியாசம் அகராதியோடு முடிந்துபோவதில்லை. ருஷ்யக் கவி அன்னா அக்மதோவா, மகன் லெவ் கைதானபின் லெனின்கிராட் சிறை வாசலில் 17 மாதங்கள் வரிசைகளில் நின்றார். வங்கிக் கவுண்டருக்கு முன் வரிசையைத் தினமும் பார்க்கிறவன் நான். இங்கே டோக்கன் உண்டு, முறை வரும். அங்கே உள்ளே இருப்பவன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாது. அந்த ஆண்டுகளில் உருவான 'ரெக்வியம்' தாளில் இருப்பதே ஆபத்து. நம்பகமான சிநேகிதர்கள் மனப்பாடம் செய்துகொள்ள, எழுதிக் காட்டிய தாள் எரிக்கப்பட்டது. 1963இல் மியூனிக்கில் அச்சேறியது. சோவியத் நாட்டில் வெளிவந்தது 1987இல். அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து.

இதே அக்மதோவா, 1949இல் மகன் மறுபடி கைதானபோது, ஸ்டாலினைப் புகழ்ந்து கவிதைகள் எழுதி 1950இல் பத்திரிகையில் வெளியிட்டார். மகனைக் காப்பாற்றத்தான். லெவ் விடுதலையானது 1956இல்.

நம் எதிர்ப்பு அளவுகோல் இங்கே என்ன சொல்லும்? புகழ்ந்தாள், தோற்றாள் என்று சொல்லும். அந்தக் கவிதைகள் மோசமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றை எழுத வைத்த அதே விசையின் கீழ் 'ரெக்வியம்' சில மனிதர்களின் ஞாபகத்தில் ஒரு வரி சிதையாமல் நின்றது. முறிந்ததையும் முறியாததையும் சேர்த்துப் பார்க்க, 'எதிர்ப்பு' என்ற ஒற்றைச் சொல் விமர்சகனுக்குப் போதாது.

இனி ஒன்றை எதிர்ப்புக் கவிதை என்று எழுதுகிறவர், அதன்மேல் விழுந்த விசை எது, அதன்கீழ் எது விழாமல் நின்றது என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். சொல்ல ஏதுமில்லையென்றால் அந்த அடைமொழி வேண்டாம்.