ரைஸ் தொடாத பந்து

அமெரிக்கக் கால்பந்தில் என் கண் எப்போதும் போய் நிற்பது வைட் ரிசீவரிடம்தான். மற்றவர்கள் நடுவில் முட்டிமோதிக்கொண்டிருக்க, அவர் களத்தின் ஓரத்தில் தனியாக நிற்பார். பந்து ஆட்டத்துக்கு வந்ததும் பாய்வார். அவரைக் காக்கும் கார்னர்பேக், அவருடைய இடுப்பிலிருந்து பார்வையை எடுக்காமல் பின்னோக்கி ஓடுவார். தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பன்னிரண்டு கஜம் ஓடிய ரிசீவர் சட்டென்று நின்று திரும்பும்போது பந்து பாதி வழி வந்திருக்கும். அவர் திரும்புவார் என்று நம்பி, திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் எறிந்த பந்து அது. இந்த ஒரு நொடிக்காகவே நான் மணிக்கணக்கில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பேன்.

கோப்பையை வெல்ல இப்படியொரு உச்ச ரிசீவர் கட்டாயம் வேண்டுமா என்பது இந்த ஆட்டத்தின் ரசிகர்களிடையே தீராத வழக்கு. வேண்டாம் என்பவர்கள் பக்கம் சான்றுகள் கனமாகவே இருக்கின்றன. 2012-இல் டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் ஒரே சீசனில் 1,964 கஜம் பிடித்தார். அதுவரை யாரும் தொடாத உயரம். அவருடைய அணி 16 ஆட்டங்களில் வென்றது நான்கே நான்கு. கன்சாஸ் சிட்டி அணியோ 2022 மார்ச்சில் தன் மின்னல்வேக ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து வந்த இரண்டு சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளையும் வென்றது.

அந்த இரண்டில் முதலாவதை நன்றாகக் கவனித்துப் பார்த்தேன். நான்காம் பகுதியில் கடேரியஸ் டோனி, ஸ்கை மூர் என்ற இரண்டு ரிசீவர்கள் எல்லைக்கோட்டருகிலிருந்து அதைத் தாண்டி ஆளுக்கொரு டச்டவுன் எடுத்தார்கள். இரண்டுக்கும் தந்திரம் ஒன்றேதான். குறுக்கே உள்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சட்டென்று வெளிப்பக்கம் திரும்பிவிடுவது. எதிரணியான பிலடெல்பியாவின் தடுப்பாட்டக்காரர்கள் ஒரு அடி தப்பாக எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். இரண்டு முறையும் பந்தைப் பிடித்தவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஹில்லின் கால்கள் செய்துவந்த வேலையைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் திட்டம் செய்து முடித்தது.

என் எண்ணம் இதுதான். தடுப்பாட்டக்காரர்களை அவர்கள் நிற்க வேண்டிய இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். அதைத் திட்டம் செய்யலாம், தடுக்கவும் பிடிக்கவும் செய்கிற டைட் எண்டு செய்யலாம், பந்தைச் சுமந்து ஓடும் ஓட்டக்காரர் செய்யலாம். உச்ச ரிசீவர் ஒருவர் அணியில் இருந்தால், களத்தில் வந்து நிற்பதாலேயே அந்த வேலை பாதி முடிந்துவிடுகிறது.

2008 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலைத்தான் இந்த வழக்கில் அதிகம் இழுப்பார்கள். அந்த சீசனில் நியூ இங்கிலாந்தின் ரிசீவர் ராண்டி மாஸ் பிடித்த டச்டவுன்கள் 23, இது சாதனை. அணி 18 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் வந்திருந்தது. எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். அவர்களின் டேவிட் டைரீ அந்த சீசன் முழுவதும் பிடித்தது மொத்தம் நான்கு பந்துகள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங், தன் சட்டையைப் பிடித்து இழுத்த கைகளை உதறிவிட்டு எறிந்த பந்தை டைரீ எகிறிப் பிடித்தார். நியூ இங்கிலாந்தின் ராட்னி ஹாரிசன் அவர் கையைத் தட்டிப் பந்தைப் பறிக்கப் பார்க்க, வலது உள்ளங்கையால் பந்தைத் தன் ஹெல்மெட்டோடு அழுத்தியபடி முதுகு வில்லாக வளைய விழுந்தார். பந்து புல்லைத் தொடவில்லை. 32 கஜம் கிடைத்தது. ஜயன்ட்ஸ் வென்றது, மாஸ் கோப்பையில்லாமல் போனார். பிறகும் அவருக்கு அது வாய்க்கவில்லை.

டைரீயின் கதையோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். வெற்றியைத் தந்த டச்டவுனைப் பிடித்தவர் ஜயன்ட்ஸின் முதன்மை ரிசீவர் பிளாக்ஸிகோ பர்ரஸ். சீசன் முழுவதும் கணுக்கால் வலியோடு ஆடியவர். 35 வினாடி மிச்சமிருக்கையில் அவரை கார்னர்பேக் எல்லிஸ் ஹாப்ஸ் ஒருவரே காத்துநின்றார். பர்ரஸ் உள்பக்கம் வெட்டுவதுபோல் ஒரு பாவனை செய்தார். ஹாப்ஸ் அதை நம்பி உள்ளே பாய, பர்ரஸ் வெளியே விலகி மூலையில் தனியாக நின்றார். பந்து மெல்ல வந்து கையில் இறங்கியது. அந்த ஒரு பாவனைக்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருக்கிறது. டைரீ பிடித்ததை அதிசயம் என்பேன், பர்ரஸ் செய்ததைக் கலை என்பேன்.

இந்தக் கலையின் உச்சம் ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பியில் கொத்தனாராக இருந்த அப்பாவுக்குத் துணையாக, அண்ணன் தம்பிகள் எறிந்த செங்கற்களைப் பிடித்துப் பழகிய கைகள். 1989 ஜனவரியில் மயாமியில் சின்சினாட்டிக்கு எதிரான சூப்பர் பவுலில் 11 பந்துகள், 215 கஜம். மூன்று புள்ளி பின்தங்கிய அவருடைய சான் பிரான்சிஸ்கோ அணி தன் 8 கஜக் கோட்டிலிருந்து கடைசிப் படையெடுப்பைத் தொடங்கியபோது மூன்று நிமிடமும் சொச்சமும்தான் மீதி. அதில் ரைஸ் பிடித்த 27 கஜப் பந்துதான் அணியை எல்லைக்கு அருகே கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிறகு அந்தப் படையெடுப்பின் கடைசி எறி. பத்து கஜம் போக வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வருமுன் ரைஸ் வரிசையின் குறுக்கே நகரத் தொடங்குகிறார். சின்சினாட்டியின் கவனமும் அவரோடு நகர்கிறது. நகராமல் எப்படி இருக்கும்? 215 கஜம் கொடுத்த பயம். குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா எறிகிறார். நடுவில் திறந்த சந்தில் இன்னொரு ரிசீவர் ஜான் டெய்லர் பிடிக்கிறார். 34 வினாடி மீதி, 20-16. டெய்லர் அன்று பிடித்த ஒரே பந்து அது.

அந்த ஒளிப்பதிவைப் போடும்போதெல்லாம் என் கண் டெய்லரிடம் போவதில்லை. ஓரத்தில் வெறுங்கையோடு ஓடுகிற ரைஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.