‘சொலெதாத்’ என்னும் ஒரு சொல்

ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் உண்டென்று நம் மாணவர்க்கு நாமே கற்பித்துவிட்டோம். அகராதியில் முதலாவதாக நிற்கும் பொருளை எடுத்து வைத்துவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று அவர்கள் கருதுவதில் வியப்பில்லை. இக்கருத்தை அசைக்க ஒரு புதினத்தின் தலைப்பே போதும்.

கொலம்பிய நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட ஸ்பானியப் புதினத்தை, கிரிகோரி ரபாசா 1970இல் ஆங்கிலத்தில் தந்தார். தலைப்பிலுள்ள ‘சொலெதாத்’ என்னும் சொல், ஒருவர் தனித்திருக்கும் நிலையையும் துணையின்றி வாடும் ஏக்கத்தையும் ஒருங்கே குறிப்பது. ஆங்கிலமோ இவற்றைச் ‘சாலிட்யூட்’, ‘லோன்லினஸ்’ என இரு சொற்களில் பிரித்து வைத்துள்ளது. ரபாசா முன்னதைக் கொண்டார். அது பெருமிதம் உடைய சொல்; விரும்பி ஏற்கும் தனிமைக்கும் பொருந்துவது. புவெந்தியா குடும்பத்தார் அன்பு செலுத்த இயலாமல் படும் துயரம் அதில் மங்கிவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும், கர்னல் அவுரேலியானோ தம் பட்டறைக்குள் பொன்மீன்கள் செய்துகொண்டு தாமே தாழிட்டுக்கொண்ட தனிமையைப் பின்னைய சொல் தாங்காது. ஆதலின் ரபாசாவின் தேர்வு தக்கதே என்பது என் முடிபு.

இப்புதினம் தமிழில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்னும் பெயரில் வந்துள்ளது. நம் ‘தனிமை’ இரு பொருளையும் சுமக்க வல்லது. ஆங்கிலம் பிரித்ததைத் தமிழ் மீண்டும் சேர்த்துவிட்டது!

நூலின் தொடக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அறிதலுக்கு ஸ்பானியத்தில் இரு வினைகள் உள்ளன. செய்தியை அறிவது ‘சபேர்’. ஆளையோ ஊரையோ நேரிற்கண்டு பழகி அறிவது ‘கொனோசேர்’. வெப்பம் மிக்க மக்கோந்தோவில், தந்தை தம் மகனைப் பனிக்கட்டி காண அழைத்துச் சென்றதைக் கூறுமிடத்து ஆசிரியர் ஆள்வது இரண்டாவது வினையை. புதிதாய் வந்த விருந்தினர்க்குச் சிறுவனை அறிமுகம் செய்வது போன்றதொரு சாயல் அதில் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘நோ’ என்பது ஒன்றே. அஃது அவ்விடத்தில் நில்லாது. ரபாசா ‘டிஸ்கவர்’ என்றார். கண்டுபிடிப்பின் வியப்பு வந்தது. அறிமுகத்தின் நெருக்கம் போயிற்று. இத்தேர்வு எனக்கு உடன்பாடன்று. ஆனால், அவ்விடத்தில் வைக்கத்தக்க வேறோர் ஆங்கிலச் சொல்லைப் பலமுறை தேடியும் இன்றுவரை நான் கண்டிலேன்.