சமயத் தீவிரவாதமும் திருச்சபையின் பொறுப்பும்

உலகை அச்சுறுத்தும் பேரிடர்களுள் சமயத் தீவிரவாதமும் ஒன்றோ என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. இதனை ஆராய்வார்க்கு, அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் யூர்கன்ஸ்மேயர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டெரர் இன் த மைண்ட் ஆஃப் காட்’ என்னும் நூல் பெருந்துணையாகும். ஆயினும் அதனை நாம் முற்றிலும் ஏற்பதற்கில்லை.

ஆசிரியர் வன்முறையாளரை நேரிற் கண்டு உரையாடியவர். சமயங்களை ஒவ்வொன்றாக ஆராயுங்கால், கருக்கலைப்பு மருத்துவமனைகளைத் தாக்கிய அமெரிக்கக் கிறிஸ்தவரிடமிருந்தே அவர் தொடங்குகிறார். 1994இல் எபிரோனில் தொழுகையிலிருந்த 29 இஸ்லாமியரைச் சுட்டுக்கொன்ற யூதரும், 1995இல் டோக்கியோ சுரங்க இரயிலில் நச்சுப்பொருளைப் பரப்பிய ஓம் ஷின்றிக்கியோவினரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். இந்நோய் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெளிவாகின்றது. உலகியற் பூசலொன்றை நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிகழும் அண்டப் போராகக் காண்போர்க்குச் சமரசம் துரோகமாகவும், எதிராளி அழிக்கப்படவேண்டிய தீமையாகவும் தோன்றுவர் என்பதே நூலின் சிறந்த கருத்தாகும்.

எனினும், நூலின் நோக்கு பெரிதும் அரசுசாராக் குழுக்களின்மீதே பதிந்துள்ளது. இஃதொரு குறையென்றே கருதுகிறோம். தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் அரசின் கொள்கையாயிருந்த இனவொதுக்கலுக்கு வேத ஆதாரம் காட்டியோர் குண்டெறிந்தவரல்லர். கற்றறிந்த டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையினர். அதனை நியாயப்படுத்திய இறையியல் வேதப்புரட்டு என உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவிற் கூடித் தீர்ப்பளித்தது 1982இல்தான். மென்மையான குரலிலும் தீவிரவாதம் பேசும் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். உயிரிழப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின், பசியாலும் நோயாலும் மடிவோர் தொகை மிகப் பெரிது. ஆதலின் தீவிரவாதமே முதற்பேரிடர் என்பது மிகைபடக் கூறலாகும். ஆனால் அதனைச் சிறிதென்று ஒதுக்கவும் இயலாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்புச் சீயோன் சபையின் சிறுவர் பலரும் அவர்களுள் அடங்குவர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில், அக்குற்றத்தில் பங்கில்லாத இஸ்லாமியரின் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிரோடு அயலார்மீதான நம்பிக்கையும் அங்கே மாண்டது. அந்நம்பிக்கையின்றிப் பசியையோ, நோயையோ, காலநிலைக் கேட்டையோ மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தல் எங்ஙனம்?

எனவே, எண்ணிக்கையில் முதலிடம் பெறாவிடினும், திருச்சபையின் பொறுப்பில் இவ்விடர் முதலிடம் பெறுகின்றது. ஏனெனில் இது நம் பிரசங்கபீடத்துச் சொற்களையே படைக்கலமாக்குகின்றது. மருந்தும் சமயத்தினுள்ளேயே உண்டென ஆசிரியர் முடிப்பது நமக்கு ஆறுதலும் எச்சரிக்கையுமாகும். பவுலடியார் கூறும் போராட்டம் மனிதருக்கு எதிரானதன்று. வரும் ஞாயிறன்று ‘சத்துரு’ என்னுஞ் சொல்லை நாம் உரைக்குங்கால், கேட்போர் மனத்தில் எவருடைய முகம் தோன்றுகின்றதென்று நம்மை நாமே வினவுவோமாக.