துணி உதறும் தெரு

சிகாகோவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் ஆறு மாசம் தங்குகிற பெற்றோரை எங்கெங்கே அழைத்துப் போவார்கள் என்பது தெரிந்த விஷயம். அரோரா பாலாஜி கோயில், வில்லிஸ் டவர் (2009 வரை சியர்ஸ் டவர்), லீவு சேர்ந்து வந்தால் நயாகரா. என் சிபாரிசு எதிர்த்திசை. காரை மேற்கே விடச் சொல்லுங்கள். இல்லினாய், விஸ்கான்சின், அயோவா எல்லைகளில் பழசை வைத்தே பிழைக்கிற சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. ஒரு நாவலை விமரிசிப்பது போல இவற்றையும் விமரிசிக்கலாம். எதைச் சொல்கிறது, எதை முழுங்குகிறது என்று.

முதலில் கலீனா. மூன்று மணி நேரம். ஈயத் தாதுவின் பெயர்தான் ஊருக்கும். யுலிஸிஸ் கிராண்ட் 1860-ல் அப்பாவின் தோல் கடையில் வேலை பார்க்க இங்கே வந்தார். அடுத்த வருஷமே யுத்தம். 1865-ல் ஜெயித்துத் திரும்பியவருக்கு ஊர்க்காரர்கள் ஒரு வீட்டையே பரிசாகக் கொடுத்தார்கள். பிற்பாடு ஜனாதிபதி ஆனார். மெயின் ஸ்ட்ரீட் முழுக்க அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்கள், அழகோ அழகு. எப்படித் தப்பின? ஈயத்துக்கு மவுசு போய், ஆறு வண்டலில் தூர்ந்து, ரயில் வியாபாரத்தையெல்லாம் சிகாகோ பிடித்துக்கொண்டதும் இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. அதான் ரகசியம்.

இன்றைக்கு அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் விற்பது ஃபட்ஜ், மெழுகுவர்த்தி, டி-ஷர்ட். இவர்களுக்கு முன்னால் இங்கே ஈயம் தோண்டியவர்கள் சாக், மெஸ்க்வாக்கி, ஹோ-சங்க் பழங்குடியினர். 1822-ல் வந்த கென்டக்கி முதலாளி அடிமைகளைக் கொண்டு வந்து தோண்ட வைத்தார். கடைத்தெருவில் நடக்கும்போது இதில் எதுவும் உங்களுக்குத் தெரிய வராது. நாக்குக்கும் ஊரின் ருசி என்று ஒன்றும் அகப்படாது. கலீனாவுக்கு என் மார்க் கம்மிதான்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் விஸ்கான்சினில் மினரல் பாயின்ட். இங்கே நிதானமாக இறங்குங்கள். 1830-களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் வந்து, ஊரில் கட்டியது போலவே சுண்ணாம்புக் கல்லில் குட்டி வீடுகள் கட்டினார்கள். கூடவே பாஸ்டியையும் கொண்டுவந்தார்கள். நம்ம சோமாசியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, இனிப்புப் பூரணத்துக்குப் பதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரூட்டபேகா என்கிற மஞ்சள் டர்னிப் வகையறாவை அடைத்தால் பாஸ்டி. தட்டு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம். ஓரத்து முறுக்கைப் பிடித்துக்கொண்டு தின்றுவிட்டு, கையில் ஆர்ஸெனிக் ஒட்டியிருக்கும் என்பதால் அந்த முறுக்கை எறிந்துவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய கார்ன்வால் புகைப்படங்களில் தொழிலாளிகள் துணிப்பையோடு பிடித்துச் சாப்பிடுகிறார்கள். பசித்தவன் ஓரத்தை எறிவானா என்ன?

வீடுகள் பிழைத்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1930-களில் அவை இடிந்துகொண்டிருந்தன. கல்லுக்காக உடைக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். ராபர்ட் நீல், எட்கர் ஹெல்லம் என்ற இருவர் 1935-ல் ஒரு பாழடைந்த வீட்டை வாங்கி, பழைய முறையிலேயே சீர்செய்து, கார்ன்வால் கிராமம் ஒன்றின் பெயரான 'பெண்டார்விஸ்' என்பதைச் சூட்டினார்கள். பணத்துக்கு என்ன வழி? வீட்டிலேயே பாஸ்டியும் டீயும் பரிமாறினார்கள். சாப்பாட்டில் வந்த டாலரில் அடுத்த வீடு, அப்புறம் அதற்கடுத்த வீடு. 1970-களில் எல்லாம் மாநில வரலாற்றுக் கழகத்தின் கைக்குப் போயிற்று. இரண்டு பேரும் தொழிலில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் துணைவர்கள். அந்தக் காலத்து விஸ்கான்சினில், அந்தச் சின்ன ஊரில், அதுவும் சாமானியமில்லை.

அந்தத் தெருவுக்குப் பெயர் ஷேக் ராக் ஸ்ட்ரீட். மதியம் சமையல் முடிந்ததும் பெண்கள் வாசலில் நின்று துணியை உதறுவார்களாம், எதிர்க்குன்றில் தோண்டுகிற புருஷன்மார்கள் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவார்களாம். கதைதான். இருந்தாலும் சாப்பாட்டு மணியின் பெயரில் ஒரு தெரு என்றால் எனக்குப் பிடிக்கிறது.

மூன்றாவது, அயோவாவில் அமானா. ஏழு கிராமங்கள். ஆமிஷ் ஆட்கள் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள், இவர்கள் வேறு. 1855-ல் வந்து குடியேறிய ஜெர்மன் பக்திக் கூட்டம். சொத்து பொது. சமையலும் பொது. வீட்டில் அடுப்படி கிடையாது. ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுச் சமையலறைகளில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஆண்களுக்குத் தனி மேஜை, பெண்களுக்குத் தனி. பேச்சு கூடாது, சாப்பிட்டோமா எழுந்தோமா என்று இருக்கவேண்டும். புருஷன், பெண்டாட்டி, குழந்தை அங்கே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. 1932-ல் ஓட்டெடுத்து இந்த ஏற்பாட்டைக் கலைத்தார்கள்.

இப்போது அமானாவின் ரெஸ்டாரன்ட்களில் என்ன போர்டு தெரியுமா? 'ஃபேமிலி ஸ்டைல்'! நடு மேஜையில் பெரிய கிண்ணங்களில் உருளைக்கிழங்கு, ஸவர்கிராட், கிரேவி வைத்து, குடும்பத்தோடு பகிர்ந்து சாப்பிடச் சொல்கிறார்கள். சாப்பாடு நன்றாகவே இருக்கிறது, சண்டையில்லை. ஆனால் விற்கிற சரித்திரம் நேர் தலைகீழ். சந்தேகமிருந்தால் மிடில் அமானாவில் 1932-ல் இருந்தபடியே காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு பொதுச் சமையலறையைப் பாருங்கள். பதினாலு வயதில் பள்ளி முடித்த பெண்பிள்ளைகள் நேராக வந்து நின்ற இடம் அது. முப்பது, நாற்பது பேருக்கு விடிகாலையில் ஆரம்பித்து ராத்திரி வரை. சபையை நடத்திய பெரியவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்தப் பாத்திரங்களின் சைஸைப் பார்த்தாலே உங்களுக்குத் தோள் வலிக்கும். முழு டூரிலும் என்னை நிஜமாக நிறுத்திவைத்த இடம் இந்த ஒன்றுதான்.

தெற்கே மார்க் ட்வெய்னின் ஹானிபல் இருக்கிறதே என்பீர்கள். டாம் சாயர் வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டிகூட நடத்துகிறார்கள். ஹக்கின் தோழன் ஜிம்முக்கும் அவனைப் போன்ற கறுப்பர்களுக்குமான மியூசியம் வந்தது 2013-ல்தான். ஊருக்குப் போனால் முதலில் அங்கே போங்கள்.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். மினரல் பாயின்ட்டில் 'ஃபிகிஹாபின்' என்று கேளுங்கள். மாவுக்குள் திராட்சை, வால்நட், பட்டை, சர்க்கரை வைத்துச் சுருட்டிச் சுட்டது. மேலே காரமல் ஸாஸைக் கொட்டுவார்கள். அதைத் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், சர்க்கரைக்காரர்கள் என்றால் அதுவும் வேண்டாம். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. ஆர்டர் செய்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.