தேசியத் தனித்துவமும் சட்டப் பாதுகாப்பும்: ருவான்வெல வழக்கு பற்றிய ஒரு மறுநோக்கு

அரசுகள் பல இணைந்து தமக்கு மேலானதோர் அமைப்பை உருவாக்கும்போது, தத்தம் தேசியத் தனித்துவத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கோருதல் வழமை. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை அத்தகைய பாதுகாப்பை வழங்குகின்றது. அவ்வாறு காக்கப்படும் தேசத்துள் அடங்குவோர் யாவர் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா. கேகாலை மாவட்டத்தில் எழுந்த வழக்கொன்று இதற்குத் தக்க உரைகல்லாகும்.

வரக்காப்பொல, ருவான்வெலப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டி வாழ்ந்த தமிழரும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோருள் அடங்குவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தை இங்கு பிறந்தவரென, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவரென நிறுவவேண்டுமென விதித்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளல்லாதோரை வாக்காளர் இடாப்பினின்றும் விலக்கியது.

ருவான்வெலத் தொகுதியின் இடாப்பிற் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை கோரினார். ஒரு சமூகத்தினர்மீது மட்டும் தடைகளைச் சுமத்தலாகாதெனக் கூறிய சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவுக்கு இச்சட்டங்கள் முரணானவை என இடாப்பை மீளாய்ந்த அலுவலர் கருதி, பெயரைச் சேர்க்கப் பணித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அப்பணிப்பை நீக்கியது. 1953இல் இலண்டனிலிருந்த பிரிவுக் கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரசைகள் யாவரென வரையறுத்தல் ஒரு சட்டமன்றத்தின் இயல்பான பணி என்பது அதன் முடிபு.

இத்தீர்ப்பின் குறைபாடு இரண்டிடங்களிற் புலப்படுகின்றது. சட்டத்தின் சொற்கள் யாவர்க்கும் பொதுவானவையே; ஆயின் முன்னோர் கடல் கடந்து வந்தோர்க்கே பூட்டனின் பிறப்பிடம் தடையாயிற்று. மறைமுகமான பாரபட்சமும் யாப்பை மீறக்கூடுமென ஏற்ற நீதிபதிகள், இங்கு அதனைக் காணவில்லை. அடுத்து, இந்தியர் பதிவுமூலம் பிரசாவுரிமை பெற 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்ததென அவர்கள் சுட்டினர். மருந்து உண்டென்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் சுமார் 824,000 பேர். ஏற்கப்பட்டோரோ சுமார் 134,000 பேரே.

1964 மே மாதத்தில் அதே கவுன்சில், 29(2)ஆம் பிரிவு மாற்றவொண்ணாததெனவும் பிரசைகளுக்கிடையிலான உரிமைச் சமநிலையெனவும் போற்றியது. பிரசையல்லாதார் அச்சமநிலைக்குப் புறம்பானோர். அவ்வாண்டு ஒக்டோபரில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்குமென இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன.

ஐரோப்பாவும் இவ்விடர்ப்பாட்டுக்கு விலக்கன்று. லித்துவேனியாவின் போலிஷ் சிறுபான்மையைச் சேர்ந்த பெண்ணொருவர் தம் பெயரைப் போலிஷ் எழுத்து முறையிற் பதியக் கோரியபோது, அரசமொழியைக் காத்தல் தேசியத் தனித்துவம் சார்ந்த நியாயமான நோக்கமென ஒன்றிய நீதிமன்றம் 2011இல் ஏற்றது. பிரசாவுரிமையை இழந்த நம்மவர் நிலையும் அவர் நிலையும் ஒன்றல்ல. எனினும் ஈரிடத்தும் மேலமைப்பின் முன் பேசும் குரல் அரசினதே. சிறுபான்மையின் தனித்துவம் அக்குரலுள் அடங்கிவிடுகின்றது.

29(2)ஆம் பிரிவும் 1972இல் சோல்பரி யாப்போடு மறைந்தது. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேயே வந்தது. காப்புப் பிரிவு எத்துணை உறுதியானதாயினும், காக்கப்படுவோர் யாவரெனத் தீர்மானிக்கும் அதிகாரம் கட்டற்றதாயின் அது பயன் தராது. தேசியத் தனித்துவம் பற்றிய எச்சட்டத்தையும் இவ்வளவுகோல் கொண்டே முற்போக்காளர் மதிப்பிடல் வேண்டும்.